இத்திஷ் கடிதத்தை டைப் செய்வது எப்படி?

கேள்வி: புதுச்சேரியில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். ஆரோவில்லில் இருந்து வந்த ஒரு பெரியவர் தன் பாட்டி எழுதிய இத்திஷ் கடிதங்களை டைப் செய்து தரச் சொல்லிக் கேட்கிறார். என்ன சாஃப்ட்வேர் வாங்க வேண்டும்?
- வாசகர், புதுச்சேரி

பதில்: எதுவும் வாங்காதீங்க சார். இத்திஷ் ஐரோப்பிய யூதர்களின் மொழி, எழுதுவது ஹீப்ரூ எழுத்தில், வலமிருந்து இடமாக. விண்டோஸ் செட்டிங்ஸில் மொழிப் பகுதிக்குப் போய் ஹீப்ரூவைச் சேருங்கள், கீபோர்டு 'ஹீப்ரூ ஸ்டாண்டர்டு' என்று இருக்கட்டும். விண்டோஸ் கீயோடு ஸ்பேஸ் தட்டினால் தமிழுக்கும் அதற்கும் மாறலாம். வேர்டில் வலப்பக்க கன்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் பத்தி வலமிருந்து ஓடும். பேஜ்மேக்கர் மட்டும் வேண்டாம், அதற்கு யூனிகோடே தெரியாது.

முக்கியமான இடம் 'அலெஃப்' எழுத்து. இத்திஷில் அதன் அடியில் படுக்கைக் கோடு இருந்தால் 'அ', சின்ன டி (T) வடிவக் குறி இருந்தால் 'ஒ'. நம்ம யூனிகோடில் 'க' வந்த பிறகு கொம்பு வருகிற மாதிரிதான், முதலில் டி (T) கீயில் அலெஃப், அப்புறம் வலப்பக்க ஆல்ட்டோடு பி (P) அடித்தால் கோடு, ஈ (E) அடித்தால் மற்றது. குறி விட்டுப்போனால் வார்த்தையே மாறிவிடலாம், அதனால் பிரிண்ட் எடுக்கும் முன் பெரியவரை உட்கார வைத்து வரிவரியாகப் படிக்கச் சொல்லுங்கள்.