பழைய பிக்கப்புக்குப் புதுத் தளமும் ஃபயர்வாலும்: தகட்டை வெட்டும் முன்

கேள்வி: என்னிடம் 1951ஆம் ஆண்டு செவ்ரோலெட் 3100 பிக்கப் இருக்கிறது. கால் வைக்கும் இடத்திலும் கதவோரத்திலும் கேபின் தளம் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. பழைய ஆறு சிலிண்டர் என்ஜினுக்குப் பதிலாக வி8 என்ஜினும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் பொருத்தப் போகிறேன். என்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தடுப்புச் சுவரான ஃபயர்வாலின் ஓட்டைகளையும் மேடுபள்ளங்களையும் நீக்கி வழவழப்பான ஒரே தகடாக மாற்றி, பிரேக் பெடலை அதிலேயே தொங்கவிட ஆசை. மிக் வெல்டிங் இயந்திரம் உண்டு. தகடு மடிக்கும் இயந்திரம் இல்லை. எத்தனை கனத்தில் தகடு வாங்க வேண்டும்? துருப்பிடிக்காமலிருக்க, துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடு போடலாமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: தளத்துக்கு 1.2 மி.மீ., அதாவது 18 கேஜ். சமதள ஃபயர்வாலுக்கு 1.5 மி.மீ. இரண்டுமே குளிர்முறையில் உருட்டிய சாதாரண எஃகுத் தகடு, அதாவது சி.ஆர். தகடு. கனம் கூட்டினால் பலம் கூடும் என்று நினைத்து 2 மி.மீ. தகட்டில் தளம் போடுகிறவர்கள் உண்டு. கையால் மடிக்க முடியாமல் தவிப்பார்கள். பக்கத்திலிருக்கும் பழைய மெல்லிய தகட்டோடு பற்றவைக்கும்போது அந்தப் பழைய தகடு உருகி ஓடிவிடும்.

ஜி.ஐ. வேண்டாம். எஃகு உருகுவது சுமார் 1,500 டிகிரி செல்சியஸில். துத்தநாகமோ 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அந்த ஆவி வெல்டிங்குக்குள் குமிழாகச் சிக்கி அதைப் பலவீனமாக்கும். சுவாசித்தவருக்கு அன்றிரவே குளிர்காய்ச்சல் வரும். இத்தனையும் பொறுத்துக்கொண்டாலும், துரு முதலில் தொடங்கும் இடமான வெல்டிங் ஓரத்தில்தான் துத்தநாகப் பூச்சு எரிந்து போயிருக்கும். ஃபயர்வாலுக்கு அலுமினியத் தகட்டை ரிவெட் அடிக்கும் யோசனையையும் இப்போதே கைவிடுங்கள். அது 660 டிகிரியில் உருகும். பெட்ரோல் தீயை உங்கள் கால்களிடமிருந்து சிறிது நேரமாவது தள்ளி வைப்பதற்குத்தான் அந்தச் சுவர் இருக்கிறது.

தகட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், வெட்ட வேண்டாம். தளமும் ஃபயர்வாலும் தமக்கென்று சொந்த வடிவம் இல்லாதவை. என்ஜின், கியர்பாக்ஸ், ஸ்டீயரிங் தண்டு, பெடல், இருக்கை ஆகிய ஐந்தும் தத்தம் இடத்தில் நிலைத்த பிறகு, அவற்றுக்கிடையே எஞ்சும் இடைவெளிதான் அவற்றின் வடிவம். இந்த வரிசையைத் தலைகீழாக்கியவர்கள் அழகான தளத்தை முடித்து வர்ணமும் அடித்துவிட்டு, கியர்பாக்ஸ் ஏறவில்லை என்று அதை மீண்டும் கிழிப்பார்கள்.

அதற்கும் முன்னால் கேபினைக் கட்டிப்போட வேண்டும். இந்த வண்டியில் தளமும் அதன் கீழுள்ள குறுக்குச் சட்டங்களும்தான் இரு கதவுத் தூண்களையும் விலகாமல் பிடித்திருக்கின்றன. தளத்தை வெட்டியெடுத்த உடனே கேபின் சில மில்லிமீட்டர் விரியும் அல்லது சுருங்கும். கண்ணுக்குத் தெரியாது; கதவை மூடும்போது தெரியும். கேபினைச் சேசிஸிலேயே (வண்டியின் அடிச்சட்டம்) அதன் தாங்கிகளில் இறுக்கி வைத்து, கதவுகளை மாட்டிய நிலையில் இடைவெளிகளைச் சரிசெய்யுங்கள். பிறகு ஒவ்வொரு கதவு வாயிலிலும் 25 மி.மீ. சதுரக் குழாயை நெடுக்காக ஒன்றும் குறுக்காக ஒன்றும் வைத்து டேக் (சிறு புள்ளி வெல்டிங்) அடியுங்கள். கதவு மூடுவதற்குத் தடையாக இல்லாதபடி, சற்று உள்ளே தள்ளி. இடது தூணிலிருந்து வலது தூணுக்கு இன்னொரு குழாய். இரு மூலைவிட்ட நீளங்களையும் அளந்து, அழியாத இடத்தில் எழுதி வையுங்கள். தளத்தைப் பாதி பாதியாக மாற்றுங்கள்: ஓட்டுநர் பக்கம் முடிந்த பிறகே மறுபக்கத்தை வெட்டுங்கள். கீழேயுள்ள குறுக்குச் சட்டங்கள் அரித்திருந்தால் முதலில் அவற்றுக்குத்தான் மருந்து. அழுகிய சட்டத்தின் மேல் புதுத் தகடு வைப்பது வீண் வேலை.

உங்கள் வண்டியில் ஓர் ஆபத்து இருக்கிறது. 1949க்குப் பிறகு வந்த இந்த வகை செவ்ரோலெட் பிக்கப்புகளில் பெட்ரோல் டேங்க் இருக்கைக்குப் பின்னால், கேபினுக்குள்ளேயே இருக்கும். காலியாக இருந்தாலும் அதைக் கழற்றி வேலையிடத்துக்கு வெளியே கொண்டுபோங்கள்; காலி டேங்கில் நிற்கும் ஆவிதான் வெடிக்கும். பேட்டரியைக் கழற்றுங்கள். ஃபயர்வாலின் உட்புறப் பழைய வெப்பத்தடுப்பு மெத்தையில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அதைக் கிரைண்டரால் உரசாமல், நனைத்து, தகுந்த முகமூடியுடன் அகற்றுங்கள்; சந்தேகம் இருந்தால் பரிசோதனைக்குக் கொடுங்கள். இன்னொன்று: குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த தகட்டில் வெல்டிங் செய்யவே கூடாது. வெல்டிங் சுடர் அதை ஃபாஸ்ஜீன் என்னும் நச்சு வாயுவாக மாற்றிவிடும். அசிட்டோனால் துடைத்து, நன்றாக உலரவிட்டாலே போதும்.

இனி என்ஜின். கியர்பாக்ஸோடு சேர்த்து, இறுதித் தாங்கிகளில், இறுதிச் சாய்வில் உட்கார வையுங்கள். ரப்பர் தாங்கிகளில் இருக்கும் என்ஜின் முடுக்கும்போது புரளும். எனவே கியர்பாக்ஸைச் சுற்றி 25 மி.மீ. இடைவெளிக்குக் குறையாமல் விடுங்கள். நீங்கள் பொருத்தும் வி8 செவ்ரோலெட்டின் சிறிய பிளாக் வகை என்றால், ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டர் பின்பக்கத்தில் இருக்கும். அதைச் சும்மா உரசாமல் வைத்தால் போதாது. மூடியைக் கழற்றவும், தீப்பொறி விழும் நேரத்தை (டைமிங்) சரிசெய்ய அதைத் திருப்பவும் கை நுழைய வேண்டும். கியர்பாக்ஸை என்ஜினோடு பிணைக்கும் மேற்புற போல்ட்டுகளுக்கு ஸ்பானர் எட்டுகிறதா என்றும் பாருங்கள். சைலன்ஸர் குழாய் தளத்தை நெருங்கும் இடத்தில், தளத்தைத் தொடாமல் 10 மி.மீ. காற்றிடைவெளி விட்டு ஒரு வெப்பத் தடுப்புத் தகட்டைப் பொருத்த இடம் ஒதுக்குங்கள்.

கியர்பாக்ஸுக்கு மேல் வரும் மேடான மூடியை, அதாவது டன்னலை, பற்றவைக்காதீர்கள். உங்கள் வண்டியை வடிவமைத்தவர்களே அந்தப் பகுதியைத் திருகிக் கழற்றும் மூடியாகத்தான் வைத்திருந்தார்கள். சுற்றிலும் 25 மி.மீ. விளிம்பு, 100 மி.மீ.க்கு ஒரு எம்6 நட் தளத்தின் அடியில் பற்றவைத்தது, இடையில் தண்ணீர் உறிஞ்சாத வகை நுரைப் பட்டை. கியர்பாக்ஸை என்றாவது இறக்கும் நாளில் இதன் அருமை தெரியும்.

உங்கள் கேள்வியில் என்னை நிறுத்திவைத்தது பெடல்தான். 3100இல் பிரேக் பெடல் தளத்தின் வழியாக மேலே வருகிறது. பெடலின் விசையைப் பிரேக் எண்ணெய்க்கு மாற்றும் மாஸ்டர் சிலிண்டர் தளத்துக்கு அடியில், சேசிஸ் பக்கம் இருக்கிறது. எனவே அந்த ஃபயர்வால் பிரேக்கின் விசையை ஒருநாளும் தாங்கியதில்லை. தாங்குவதற்காக வடிவமைக்கப்படவும் இல்லை. அதையும் வழித்தெடுத்து, சமதளத் தகடாக்கி, அதன்மேல் பெடலைத் தொங்கவிட்டால் என்ன நடக்கும்? மிதிவிசையைக் கூட்டித்தரும் பூஸ்டர் இல்லாத பெடலின் நெம்புகோல் விகிதம் பொதுவாக 6:1. அவசரத்தில் கால் 50 கிலோ எடைக்குச் சமமான விசை கொடுத்தால், மாஸ்டர் சிலிண்டர் ஃபயர்வாலை முன்னோக்கி 300 கிலோ அளவுக்குத் தள்ளும். பெடலின் மேல் அச்சைப் பிடித்திருக்கும் கொக்கிச் சட்டமோ அதே நேரத்தில் 250 கிலோ அளவுக்குப் பின்னோக்கி இழுக்கப்படும். இரண்டும் ஒரே தகட்டில் சில அங்குல இடைவெளியில். தகடு முறுக்கிக்கொள்ளும். பெடல் பஞ்சுபோல் அமுங்கும். பிரேக் குழாயில் காற்று இருக்கிறது என்று எண்ணி மீண்டும் மீண்டும் காற்றை வெளியேற்றுவீர்கள். ஒருநாள் போல்ட் ஓட்டையிலிருந்து விரிசல் கிளம்பும்.

ஆகவே என் யோசனை: வழவழப்பான ஃபயர்வால் வேண்டுமென்றால் பெடலைத் தளத்திலேயே விட்டுவிடுங்கள். சேசிஸில் பொருத்தும் இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டரும் பூஸ்டரும் இந்த வண்டிக்குக் கிடைக்கின்றன. தளத்தில் அந்தச் சிலிண்டருக்கு நேர் மேலே, பிரேக் எண்ணெய் ஊற்ற ஒரு சிறிய மூடி வையுங்கள். முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் போட்டிருந்தால், தாழ்வாக இருக்கும் சிலிண்டருக்கு எண்ணெய் திரும்பி வடியாமலிருக்க 2 பி.எஸ்.ஐ. எச்ச அழுத்த வால்வு ஒன்று அந்தக் குழாயில் அவசியம். ஃபயர்வால் சுத்தமாகவே இருக்கும். விசையைச் சேசிஸ் தாங்கும்.

தொங்கும் பெடல்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், ஃபயர்வாலின் உட்புறத்தில் 3 மி.மீ. தகடு வைத்து, கொக்கிச் சட்டத்தின் மேல்முனையை டாஷ்போர்டுக்கு அடியிலுள்ள வலுவான பகுதியோடு சட்டம் போட்டுக் கட்டுங்கள். வெறும் தகட்டை நம்பாதீர்கள். இருக்கைப் பெல்ட்டுக்கும் இதே நியாயம். உங்கள் வண்டி பெல்ட் இல்லாமல் வந்தது. புதிதாகப் போடுகிறீர்கள் என்றால் ஒவ்வொரு போல்ட்டுக்கும் தளத்தின் அடியில், முனை மழுங்கிய 75 மி.மீ. சதுர, 3 மி.மீ. கனத் தகடு இருக்கட்டும். குறுக்குச் சட்டத்தோடு இணைக்க முடிந்தால் இன்னும் நல்லது.

இப்போது அட்டையை எடுங்கள். முழு அளவு மாதிரியை அட்டையில் வெட்டி, வைத்து, ஒட்டி, மீண்டும் வெட்டுங்கள். அட்டையில் எத்தனை தவறு செய்தாலும் பரவாயில்லை. ஆனால் மடிக்கும்போது அட்டையும் தகடும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. தகடு மடிப்பில் வளைந்து செல்வதால், வெளியளவுகளைக் கூட்டி வெட்டினால் துண்டு பெரிதாக வரும். எவ்வளவு என்று ஏட்டில் தேட வேண்டாம்: அதே தகட்டில் 100 மி.மீ. நீளத் துண்டு ஒன்றை நடுவில் 90 டிகிரிக்கு மடித்து, மடிப்பின் இரு பக்கங்களையும் வெளிப்புறமாக அளந்து கூட்டுங்கள். 1.2 மி.மீ. தகட்டில் சுமார் 102 வரும். அந்த 2 மி.மீ.யை ஒவ்வொரு மடிப்புக்கும் கழித்து வெட்ட வேண்டும். நான்கு மடிப்புள்ள தளத்தில் இதை மறந்தால் 8 மி.மீ. பிசகு.

மடிக்கும் இயந்திரம் இல்லாததும் பெரிய குறையல்ல. கனமான இரு எல்-ஆங்கிள்களுக்கு நடுவே தகட்டைக் கிளாம்பால் இறுக்கி, மரக்கட்டை வைத்துச் சுத்தியலால் நீளவாக்கில் கொஞ்சம் கொஞ்சமாக மடியுங்கள். ஓரிடத்தில் முழுமையாக மடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் ஓரம் அலை அலையாகும். கால் வைக்கும் சரிவின் பெரிய வளைவைக் குழாயின்மேல் வைத்துக் கையாலேயே கொண்டுவரலாம். கேபினின் முழு அகலத்துக்கு வரும் ஃபயர்வால் மடிப்பை மட்டும், அளவெழுதிய படத்தோடு வெளியே கொடுத்து மடித்து வாங்குங்கள்.

பழைய தளத்தில் ஓடும் அந்தப் புடைத்த வரிகளை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். வரியில்லாத பெரிய தட்டைத் தகடு, டப்பா மூடியைப்போல் அழுத்தினால் உள்ளே போய், விட்டால் ‘டொக்’ என்று வெளியே வரும். தகட்டில் வரி எழுப்பும் பீட் ரோலர் கருவி இரவல் கிடைத்தால் 3 முதல் 5 மி.மீ. உயரத்தில் வரிகளை எழுப்புங்கள். கிடைக்காவிட்டால் தடித்த பிளைவுட்டில் பள்ளம் வெட்டி, தகட்டை அதன்மேல் இறுக்கி, முனை உருண்ட உளியால் மெல்ல அடித்து இறக்கலாம். வரி தகட்டைத் தன்பக்கம் இழுத்துச் சுருக்கும் என்பதால், வரி போட்ட பிறகே ஓரத்தை இறுதி அளவுக்கு வெட்டி மடிக்க வேண்டும். ஓரத்திலிருந்து 30 மி.மீ.க்கு முன்பே வரி முடியட்டும். பற்றவைக்கச் சமதளம் வேண்டும். ஃபயர்வாலின் முன்முகம் வழவழப்பாகத் தெரிய வேண்டும் என்கிறீர்கள். அப்படியானால் தொப்பி வடிவில் மடித்த பட்டைகளை உட்புறத்தில் நிறுத்தி, அங்கங்கே சிறு வெல்டிங்கால் பிணையுங்கள்.

வெல்டிங்கில் உங்கள் எதிரி சூடுதான். 0.6 மி.மீ. கம்பி, ஆர்கானும் கார்பன் டை ஆக்சைடும் கலந்த வாயு. வாயு இல்லாத வகைக் கம்பி மெல்லிய தகட்டுக்குச் சூடு மிகுதி. தகடுகள் முனையோடு முனை இடைவெளியின்றிச் சேரும்படி பொருத்தி, 25 மி.மீ. இடைவெளியில் டேக் அடியுங்கள். ஒன்று இங்கே என்றால் அடுத்தது மறுகோடியில். கை வைக்கும் அளவுக்கு ஆறிய பிறகே பக்கத்தில் அடுத்த டேக். ஆறும் வெல்டிங் சுருங்கித் தகட்டை இழுக்கும். அடியில் இரும்புக் கட்டையை முட்டுக்கொடுத்து வெல்டிங்கின் மேலேயே லேசாகத் தட்டினால் அது நீண்டு இழுவிசை தளரும். ஒட்டுத் துண்டுகளின் மூலைகளைக் கூராக விடாமல் வளைத்து வெட்டுங்கள். குறுக்குச் சட்டங்களின் மேல் வரும் இடங்களில், தளத்தகட்டில் 8 மி.மீ. ஓட்டை போட்டு நிரப்பிப் பற்றவைத்தால் போதும். தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று படியும் அந்த இடங்களுக்கு மட்டும், பற்றவைக்கும் முன்பே வெல்டிங் தாங்கும் பிரைமரைப் பூசிவிடுங்கள். பிறகு அங்கே தூரிகை போகாது.

எல்லாம் முடிந்ததும் வெற்றுத் தகட்டில் எபாக்ஸி பிரைமர், அதன்மேல் இணைப்புகளில் இருபுறமும் சீலர், அதற்குமேல் வர்ணம். தார் போன்ற அடிப்பூச்சை நேராகத் தகட்டில் அப்புவது துருவுக்குப் போர்வை போர்த்துவதற்குச் சமம். வேண்டுமானால் வர்ணத்துக்குப் பிறகு பூசுங்கள். சட்டங்களின் உட்குழிவுகளுக்கு மெழுகு தெளியுங்கள். பழைய தளத்தில் வடிகால் ஓட்டைகள் இருந்த இடங்களில் புதியதிலும் போட்டு, ரப்பர் மூடி வையுங்கள்.

ஃபயர்வாலின் ஒவ்வொரு ஒயர் ஓட்டைக்கும் ரப்பர் வளையம் வேண்டும். கூர்விளிம்பு ஒயரின் உறையை அறுக்கும். மூடாத ஓட்டை கார்பன் மோனாக்சைடை உள்ளே விடும். உள்மெத்தை விரிக்கும் முன் இரவில் பானெட்டுக்குள் வலுவான விளக்கை எரியவிட்டு, கேபினுக்குள் உட்கார்ந்து கதவை மூடிப் பாருங்கள். வெளிச்சம் தெரியும் இடத்தையெல்லாம் சாக்பீஸால் குறித்து, மறுநாள் அடைத்துவிடுங்கள்.