தள்ளுவண்டி ஃப்ரைடு ரைஸ்: கொடுக்கிற காசுக்குத் தகுமா?

ருசி என்பவர்களும் விஷம் என்பவர்களும் வேறு வேறு விஷயத்தைப் பேசுகிறார்கள். ருசிக்குக் காரணம் பெரிய அடுப்பின் தீயும், ஆறி உதிரியான சோறும். வீட்டில் சூடான சோற்றைப் போட்டுக் கிளறினால் குழைந்துவிடும். அஜினோமோட்டோவைத் திட்டுவது வீண். பார்க்க வேண்டியது சோறும் எண்ணெயும்தான். வடித்த சோறு மணிக்கணக்கில் வெளியே கிடந்தால் பேசிலஸ் செரியஸ் என்ற பாக்டீரியா பெருகி நஞ்சை உண்டாக்கும். வாந்தி வரவைக்கும் அந்த நஞ்சு வறுத்தாலும் அழியாது. பொரிக்கும் எண்ணெயில் மொத்த போலார் சேர்மங்கள் (எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது சேரும் சிதைவுப் பொருட்கள்) 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது இந்தியாவில் 2018 ஜூலை முதல் விதி. சாப்பிடப் போனவர் அதை அளக்க முடியாது. எண்ணெய் கறுத்து, நுரைத்து, புகைந்தால் அதில் பொரித்த சிக்கனை விட்டுவிட்டு எக் ரைஸோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கடை திறந்ததும் போவது உத்தமம். ராத்திரி பத்து மணிக்குத் தட்டில் விழுவது மதியம் வடித்த சோறாகவும் இருக்கலாம்.