புது பிளக் போட்டும் மிஸ்ஸிங் திரும்புகிறதா?

கேள்வி: 2014 மாடல் பெட்ரோல் கார், நான்கு சிலிண்டர். இரண்டு மாதத்துக்கு முன் கன்சல்டிங்கில் வாங்கினேன். சிக்னலில் நிற்கும்போது நடுங்குகிறது, மேம்பாலம் ஏறினால் வெட்டி வெட்டி இழுக்கிறது. மெக்கானிக் நான்கு பிளக்கையும் மாற்றினார். மூன்று வாரம் நன்றாக ஓடியது, பிறகு பழைய கதைதான். செக் என்ஜின் லைட்டும் எரிகிறது. இப்போது நான்கு காயிலையும் மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?
– ஈரோடு வாசகர்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். இந்த மிஸ்ஸிங்குக்கு, அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் தவறுவதற்கு, பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில்தான் காரணமாக இருக்கலாம், ஆனால் நான்கும் ஒரே வாரத்தில் போவது அபூர்வம். எது போயிருக்கிறது என்று காசு செலவில்லாமலே கண்டுபிடிக்கலாம்.

பிளக் மாற்றியதும் சரியாகி, மூன்று வாரத்தில் திரும்பியது என்கிறீர்களே, அதுதான் நல்ல துப்பு. புது பிளக்கில் பொறி தாண்டக் குறைந்த வோல்ட்டேஜ் போதும், அதனால் நலிந்த காயில்கூடச் சில நாள் சமாளித்துவிடும். அல்லது அந்த சிலிண்டருக்குள் ஆயில் இறங்கி, புது பிளக்கையும் நனைத்துக் கெடுத்திருக்கும். முதலாவது சில்லறைச் செலவு. இரண்டாவது அப்படியல்ல.

முதலில் ஸ்கேனர் போட்டு, கார் பதிந்துவைத்திருக்கும் கோளாறு எண்ணை (கோடு) பாருங்கள். பி0301 முதல் பி0304 வரை எது வந்தாலும் கடைசி எண்தான் சிலிண்டர். பி0302 என்று வைத்துக்கொள்வோம். என்ஜின் ஆறியபின், சாவியை அணைத்துவிட்டு, இரண்டாம் சிலிண்டரின் காயிலை மூன்றாவதிலும் மூன்றாவதை இரண்டாவதிலும் மாற்றிப் போடச் சொல்லுங்கள். ஸ்கேனரில் அந்தக் கோளாறு எண்ணை அழித்துவிட்டு அதே மேம்பாலத்தில் ஏற்றுங்கள். பாரம் கூடும்போதுதான் சிலிண்டரில் அழுத்தம் ஏறி, காயிலின் பலவீனம் வெளியே வரும். கோடு பி0303 ஆக மாறினால் குற்றவாளி காயில்தான். அந்த ஒன்றை மாற்றினால் போதும்.

கோடு இரண்டிலேயே நின்றால் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். இங்கே அவசரம் கூடாது. பிளக் குழியில், வெள்ளைப் பீங்கானின் வெளிப்புறத்தில் ஆயில் இருந்தால் வால்வ் கவர் கேஸ்கட்டோ குழி சீலோ கசிகிறது, பெரிய வேலையில்லை. முனை கருத்து, ஆயில் பிசுக்கோடு இருந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வ் சீலோ தேய்ந்திருக்கிறது. பெட்ரோல் வாடையோடு மட்டும் நனைந்திருந்தால் பொறி வரவில்லை. முனை சுத்தமாக வெளுத்திருந்தால் பெட்ரோல் சரியாக வரவில்லை, இன்ஜெக்டரைப் பாருங்கள்.

பி0300 மட்டும் வந்தால் கோளாறு ஒரு சிலிண்டரோடு நிற்கவில்லை. ஐடிலிங்கில் நடுங்கி, 2,500 ஆர்பிஎம்மில் அடங்கினால் வேக்கம் ஹோஸ் கிழிசலையோ இன்டேக் கேஸ்கட்டையோ சந்தேகிக்கலாம். ஏறினால்தான் தொல்லை என்றால் பெட்ரோல் பிரஷரை அளக்க வேண்டும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் மிஸ்ஸிங் தொடர்ந்தால், ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் தருகிறது என்று அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட். நான்கும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் 15 சதவீதத்துக்கு மேல் குறைந்தால், அந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வ் அல்லது ஹெட் கேஸ்கட். காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் அதிகம் மிஸ் ஆகி, கூலன்ட்டும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கட் மேல்தான் என் சந்தேகம். வண்டியில் முன்பு கேஸ் கிட் இருந்த தடயம் தெரிந்தால் வால்வ் சீட் தேய்மானத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழைய வண்டி வாங்கப்போகும் மற்றவர்களுக்கும் ஒன்று. விற்பதற்கு முன் கோளாறு எண்ணை அழித்து லைட்டை அணைத்துவிடுவது சுலபம். ஆனால் கோடு அழித்தபின் வண்டி ஓடிய தூரத்தைப் பல ஸ்கேனர்கள் காட்டும். கார் தன்னைத்தானே சோதித்துக்கொண்டதைக் காட்டும் ‘ரெடினெஸ்’ பக்கத்தில் பல சோதனைகள் முடியாமலும் கிடக்கும். அந்தத் தூரம் பத்து இருபது கிலோமீட்டர்தான் என்றால் விலை பேசும் முன் நீண்ட டெஸ்ட் டிரைவ் கேளுங்கள்.

உங்கள் வண்டியில் லைட் நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டி ஒர்க்‌ஷாப் வரை போகலாம். மின்னி மின்னி எரிந்தால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஓரமாக நிறுத்திவிடுங்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும். அதன் விலைக்கு நான்கு காயில் வாங்கியும் மிச்சமிருக்கும்.