ஜாமீன் கிடைத்தும் மகன் வெளியே வரவில்லையே?

கேள்வி: வக்கீல் ஐயா, அடிதடி வழக்கில் கைதான என் மகனுக்குப் போன வாரம் ஜாமீன் கிடைத்தது. இரண்டு ஜாமீன்தாரர்களைக் கெஞ்சிக் கூட்டி வந்து எல்லாம் முடித்துவிட்டுச் சிறை வாசலில் நின்றால், 'குண்டாஸ் போட்டாச்சு, விட முடியாது' என்கிறார்கள். கோர்ட்டே விட்டவனைப் பிடித்து வைக்கலாமா?
- பெயர் வேண்டாம், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: வைக்கலாம் அம்மா. கோர்ட் ஜாமீன் கொடுத்தது அடிதடி வழக்கில். குண்டாஸ் என்பது 1982ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி கலெக்டரோ போலீஸ் கமிஷனரோ போடும் தடுப்புக் காவல் உத்தரவு. 'வெளியே விட்டால் மறுபடி செய்வான்' என்று உள்ளே வைப்பது. 12 மாதம் வரை வைக்கலாம். இதற்கு ஜாமீன் மனுவே கிடையாது. எடுத்துத் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.

காவலில் வைத்த 5 நாளுக்குள் காரணங்களை எழுத்தில் கொடுத்தாக வேண்டும். கூடவே அந்தக் காரணங்களுக்கு ஆதாரமாக ஒரு கட்டுக் காகிதம் வரும், 'புக்லெட்' என்போம். அடுத்த முறை சிறையில் மனுப் போட்டு மகனைப் பார்க்கும்போது முதலில் அதைக் கேளுங்கள்.

சில வருடங்களுக்கு முன் ஓர் அம்மா மஞ்சள் பையில் அதைச் சுற்றிக் கொண்டுவந்தார். நூற்று நாற்பது பக்கம் இருக்கும். 87ஆம் பக்கம் ரிமாண்ட் உத்தரவின் ஜெராக்ஸ். மை அப்பி, தேதிகூடத் தெரியவில்லை. படிக்கவே முடியாத தாளுக்குச் சிறையில் இருப்பவன் என்ன மறுப்பு எழுதுவான்? உயர் நீதிமன்றத்தில் அந்த ஒரு பக்கத்தைக் காட்டித்தான் உத்தரவை உடைத்தோம். ஆங்கிலத் தாளுக்குத் தமிழாக்கம் இல்லையென்றாலும் இப்படி உடையும். அதனால் பக்கம் பக்கமாகப் புரட்டச் சொல்லுங்கள்.

அப்புறம், கலெக்டருக்கும் அரசுக்கும் மகன் பெயரில் முறையீடு அனுப்புங்கள். அது அரசியல் சட்டம் 22(5) தரும் உரிமை. தபால் ரசீது பத்திரம்! பதில் சொல்லாமல் காரணமின்றி இழுத்தடித்தால் அதுவும் நமக்கு ஆயுதம்.

3 வாரத்துக்குள் விஷயம் அறிவுரைக் கழகத்துக்குப் போகும்; காவலில் வைக்கப் போதிய காரணம் இருக்கிறதா என்று பார்க்கும் குழு அது. அங்கே வக்கீல் வாதாட இந்தச் சட்டம் இடம் தரவில்லை, எனக்கு இன்றும் உறுத்தும் விஷயம் அது. மகன் தானே பேசலாம். பயப்படாமல் பேசச் சொல்லுங்கள். அதற்காகக் காத்திராமல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனுவும் போடலாம், 'இந்தக் காவல் சட்டப்படி செல்லாது, மகனை விடுங்கள்' என்று கேட்கும் மனு அது. வக்கீலுக்குக் காசில்லையா? காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், இல்லை 15100க்குப் போன் செய்யுங்கள்.

அந்த ஜாமீன் உத்தரவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். குண்டாஸ் ரத்தானாலும் அடிதடி வழக்கு அப்படியேதான் நிற்கும்; அன்றைக்குச் சிறை வாசலில் அதையும் கேட்பார்கள்.