மறு: அலாஸ்கா அரசியலமைப்பில் உள்ளூர்க்காரர் முன்னுரிமை: வேலையை ஏற்கலாமா?

வணக்கம் நண்பரே. சியாட்டிலில் இருக்கும் உங்களுக்கு அலாஸ்காவில் சாலைப் பணி வேலை கிடைத்திருக்கிறது. "1988-ல் வாக்கெடுப்பு நடத்தி வெளியாட்களைத் தடுத்துவிட்டார்கள்" என்று நண்பர் சொன்னதால் தயங்குகிறீர்கள். தயங்க வேண்டாம்.

வாக்கெடுப்பு நடந்தது உண்மை, அதில் அலாஸ்கா மாநில அரசியலமைப்புத் திருத்தம் ஜெயித்ததும் உண்மை. ஆனால் அது யாரையும் தடுக்கவில்லை. அந்த மாநில அரசியலமைப்பின் முதல் பிரிவின் 23-ஆம் உட்பிரிவை எடுத்துப் படியுங்கள், ஒரே வாக்கியம்தான். மாநிலம் தன் குடியிருப்பாளர்களுக்கு முன்னுரிமை தருவதை இந்த அரசியலமைப்பு தடை செய்யாது, ஆனால் அமெரிக்க அரசியலமைப்பு அனுமதிக்கும் அளவுக்குத்தான் என்கிறது. அந்தக் கடைசி வரம்பில்தான் விஷயமே இருக்கிறது. எண்ணெய்க் குழாய் வேலைகளில் உள்ளூர் ஆட்களுக்கே முதலிடம் என்ற அலாஸ்கா சட்டத்தை 1978-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது (ஹிக்லின் எதிர் ஆர்பெக் வழக்கு). மாநில வாக்கெடுப்பால் அந்தத் தீர்ப்பைத் தாண்ட முடியாது.

அப்புறம், பொதுப்பணிகளில் 90 விழுக்காடு உள்ளூர் ஆட்கள் என்ற சட்டம். அதுவும் அரசியலமைப்புக்கு முரணானது என்று 2019-ல் மாநில அட்டர்னி ஜெனரலே (அரசின் தலைமைச் சட்ட அதிகாரி) கருத்துச் சொல்ல, அதன் அமலாக்கம் நின்றது.

வேலையில்லாத் திண்டாட்டம் இருக்கும் சிற்றூர்களில் உள்ளூர் ஆட்களுக்கு முதலிடம் கேட்பதில் நியாயம் இருக்கிறது என்பதே என் எண்ணம். ஆனால் நீங்கள் அமெரிக்கக் குடிமகன், சட்டம் உங்கள் பக்கம். உங்கள் வேலைக்கு வசிப்பிட நிபந்தனை உண்டா என்று ஒப்பந்ததாரரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.