மூன்று கிழமைச் செங்கண்மாரிக்குக் குளத்து மீன் காரணமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 62 வயது. மூன்று கிழமையாகக் கண் மஞ்சளாக இருக்கிறது. வயிற்றில் நோவு இல்லை. ஆனால் உடம்பெல்லாம் கடிக்கிறது, இரவில் நித்திரை இல்லை. பரியாரியார் தந்த கீழ்க்காய்நெல்லி குடிக்கிறார். தாய்லாந்தில் நன்னீர் மீன் சாப்பிடுகிறவர்களுக்குப் பித்தக்குழாயில் புற்றுநோய் வருவதாக ஒருவர் ஆராய்ந்திருக்கிறார் என்று கனடாவில் இருக்கும் அண்ணா எழுதியிருக்கிறார். நாங்கள் முத்தையன்கட்டுக் குளத்து மீன்தான் சாப்பிடுகிறோம். நிறுத்த வேண்டுமா?
– வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: மீனை நிறுத்த வேண்டாம், பிள்ளை. உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்துவது மீன் அல்ல. நோவில்லாத மஞ்சளும் அந்தக் கடியும்தான். அதற்கு வருமுன் அண்ணாவின் செய்தியை முடித்துவிடுகிறேன்.

அவர் சொல்வது உண்மையான ஆராய்ச்சி. வடகிழக்குத் தாய்லாந்தின் கொன்கேன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பஞ்சோப் ஸ்ரீபா இந்தத் துறையில் பெயர் பெற்றவர். அந்தப் பகுதியில் கெண்டை இனச் சிறு மீன்களைப் பச்சையாகக் கொத்தி, தேசிக்காய்ப் புளியும் மிளகாயும் சேர்த்து உண்பார்கள். புளிக்கு மீனிலுள்ள ஈரல் புழுவின் குஞ்சு சாவதில்லை. அது பித்தக்குழாய்க்குள் குடியேறி ஆண்டுக்கணக்கில் வாழ்கிறது. ஓயாத அழற்சியும், புழு சுரக்கும் ஒரு புரதம் குழாயின் உட்சுவர்க் கலங்களைப் பெருகத் தூண்டுவதும் சேர்ந்து, சிலருக்குப் புற்றுநோயில் முடிகின்றன. 1994இலேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் முகவரகம் இந்தப் புழுவைப் புற்றுநோய்க் காரணியாக அறிவித்தது. ஸ்ரீபாவின் குழு லாவா ஏரிக் கிராமங்களில் மக்களுக்குப் புழு மருந்து கொடுத்தது, பூனை நாய்களையும் கவனித்தது, பள்ளிக்கூடங்களில் பாடமும் நடத்தியது. தொடக்கத்தில் சில மீன்களில் 70 சதவீதம் வரை இருந்த தொற்று ஒரு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. ஆய்வுகூடத்தோடு நின்றுவிடாத இந்த வேலை எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஆனால் அந்தப் புழுவின் ஊர் தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா, வியட்நாம் பக்கம். அதோடு, முத்தையன்கட்டுத் திலாப்பியாவையோ விராலையோ பச்சையாக உண்பவர் ஒட்டுசுட்டானில் யார் இருக்கிறார்? குழம்பில் கொதித்த மீனில் எந்தப் புழுவும் பிழைக்காது.

இனி அப்பா. மலம் வெளிறியிருக்கிறதா, சிறுநீர் பிளேன்ரீ நிறத்தில் போகிறதா என்று இன்றே கேளுங்கள். ஆம் என்றால், ஈரலிலிருந்து குடலுக்கு இறங்க வேண்டிய பித்தம் வழியில் எங்கோ தடைப்பட்டு இரத்தத்தில் கலக்கிறது என்று பெரும்பாலும் சொல்லலாம். தோல் கடிப்பதும் அதனால்தான். தடைக்குக் கல் காரணமாக இருக்கலாம். பித்தக்குழாயிலோ, இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் சதையியின் (பான்கிரியாஸ்) தலைப்பகுதியிலோ உள்ள கட்டியாகவும் இருக்கலாம். கல் பெரும்பாலும் நோவோடுதான் வரும். நோவில்லாமல் இந்த வயதில் வரும் மஞ்சளை, வேறு காரணம் உறுதியாகும்வரை, நாங்கள் கட்டி என்றே சந்தேகிப்போம். பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. இந்தக் கட்டிகளை வெட்டியெடுத்துக் குணப்படுத்தக்கூடிய காலம் குறுகியது; அதில் மூன்று கிழமை போய்விட்டது.

கீழ்க்காய்நெல்லிக்கு நல்ல பெயர் கிடைத்ததற்கும் காரணம் உண்டு. வைரஸால் வரும் செங்கண்மாரி பலருக்குச் சில கிழமைகளில் தானாகவே மாறும். பெயரை மூலிகை தட்டிக்கொண்டு போகும். அடைபட்ட குழாயை எந்தச் சாறும் திறக்காது. பத்தியம் என்று அப்பாவின் சோற்றையும் குறைத்திருந்தால் அதை உடனே விடுங்கள். மெலிந்த உடம்பு சத்திரசிகிச்சையைத் தாங்காது.

மாவட்ட வைத்தியசாலையில் இரத்தப் பரிசோதனையும் வயிற்று ஸ்கானும் கேளுங்கள். ஸ்கானில் பித்தக்குழாய் விரிந்திருந்தால் யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ அனுப்புவார்கள். அங்கே வாய்வழியாகக் கமராக் குழாய் செலுத்தி, அடைப்பின் ஊடாகப் பித்தம் இறங்க ஸ்டென்ட் என்ற சிறு குழாய் வைக்கலாம். பலருக்குச் சில நாட்களில் கடி குறைந்துவிடும். இதுவரை குடித்த மருந்துகள் எல்லாவற்றையும் கையோடு கொண்டு போங்கள், மறைக்க வேண்டாம்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படுவதென்றால் மீன் சட்டியை விட்டுக் கச்சான் சாக்கைப் பாருங்கள். ஈரம் பட்டுப் பூஞ்சணம் பிடித்த கச்சானில் உண்டாகும் அஃப்லாடொக்சின் என்ற நஞ்சு ஈரல் புற்றுநோய்க்கு ஒரு காரணம். மஞ்சட்காமாலை பி வைரஸ் உள்ளவருக்கு ஆபத்து பல மடங்கு. 1960இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து, தீவனத்தில் கலந்த கச்சானில்தான் இது முதலில் பிடிபட்டது. வறுத்தாலும் முழுதாகப் போகாது. கறுத்த, சுருங்கிய பருப்பை எறியுங்கள். நல்லதைப் பொறுக்கி விற்றுவிட்டுக் கழிவை வீட்டுக்கு வைக்கும் வழக்கம் வேண்டவே வேண்டாம். கசிப்பைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அப்பாவுக்குக் குளிரோடு நடுங்கிக் காய்ச்சல் வந்தால், அடைபட்ட பித்தத்தில் கிருமி தொற்றியிருக்கலாம். அப்போது விடியும்வரை பார்த்திருக்காமல் அந்த இரவே வாகனம் பிடித்து வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.