மனிதனுக்குப் பிறகு யார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நண்பர்கள் நான்கு பேர் சும்மா ஆரம்பித்த பேச்சு கிட்டத்தட்ட சண்டையில் போய் நின்றது. நாளைக்கே மனித இனம் மொத்தமாக இல்லாமல் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். மற்ற உயிர்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. சில கோடி வருடங்களில் வேறு ஏதாவது விலங்கு நம்மைப் போல யோசிக்கவும் பேசவும் ஊர் கட்டவும் ஆரம்பிக்குமா? ஒருவர் சிம்பன்சி என்றார். இன்னொருவர் ஆக்டோபஸ்தான் என்று அடித்துச் சொன்னார். மூன்றாமவர், "ஒருக்காலும் நடக்காது, மனிதன் ஒரே ஒரு முறைதான்" என்று முடித்துவிட்டார். என் வாதம் இது: டைனோசர்கள் போயின, அந்த இடத்துக்குப் பாலூட்டிகள் வந்தன, கடைசியில் நாம் வந்தோம். நாம் போனால் நாற்காலி காலி. யாராவது வந்து உட்காரத்தானே வேண்டும்? இப்போது நாம் அடைத்துக்கொண்டு இருப்பதால்தான் மற்ற விலங்குகள் மேலே வர முடியவில்லை என்றும் தோன்றுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நால்வரில் உங்கள் வாதம்தான் கேட்க மிக நியாயமாக இருக்கிறது. எனக்குப் பெரிய சிக்கல் இருப்பதும் அதில்தான், எனவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், இன்றைய மெக்சிகோவின் யுகடான் பகுதியில் ஒரு விண்கல் விழுந்தது. பறவைகளாகிவிட்ட கிளையைத் தவிர டைனோசர்கள் எல்லாம் அதோடு முடிந்தன. அப்போது எந்தெந்த இடங்கள் காலியாயின என்று பாருங்கள். பெரிய உடம்போடு இலைதழை மேயும் இடம், அப்படி மேய்வதை அடித்துத் தின்னும் இடம், இப்படி. எல்லாமே சாப்பாடு சம்பந்தப்பட்ட இடங்கள். பாலூட்டிகள் நிரப்பியது இவற்றைத்தான். அறிவாளி என்றொரு இடம் காலியாகவே இல்லை, ஏனென்றால் டைனோசர்களில் யாரும் அதில் உட்கார்ந்திருக்கவில்லை.

பாலூட்டிகளும் வந்தவுடன் மூளையை வளர்த்துக்கொள்ளவில்லை. அந்தக் காலத்து மண்டையோடுகளை சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2022-இல் 'சயன்ஸ்' இதழில் வந்தது. அழிவுக்குப் பிந்தைய முதல் ஒரு கோடி ஆண்டுகளில் பாலூட்டிகளின் உடம்பு வேகமாகப் பெருத்திருக்கிறது. உடம்போடு ஒப்பிட்டால் மூளையோ சிறுத்திருக்கிறது! போட்டிக்கு ஆள் இல்லாத உலகத்தில் உடம்பு இருந்தால் போதும். காடுகளில் கூட்டம் சேர்ந்து நெருக்கடி வந்த பிறகுதான் மூளைக்கு வேலை வந்தது. ஆக, இடம் காலியானால் அறிவு வளரும் என்பதற்கு நீங்கள் காட்டிய உதாரணமே கொஞ்சம் எதிர்த் திசையில் சாட்சி சொல்கிறது.

டைனோசர்கள் 16 கோடி ஆண்டுகளுக்கு மேல் இருந்தன. நேரம் மட்டும் போதும் என்றால் அவற்றுக்குக் கிடைத்ததை விட நேரம் யாருக்குக் கிடைக்கும்? 1982-இல் டேல் ரஸ்ஸல் என்ற கனடாத் தொல்லுயிரியலாளர், விண்கல் விழாமல் இருந்திருந்தால் ட்ரூடான் வகை டைனோசர் இன்று எப்படி ஆகியிருக்கும் என்று யோசித்து ஒரு மாதிரி உருவம் செய்து வைத்தார். நிமிர்ந்த நடை, பெரிய தலை, வால் இல்லை, மூன்று விரல் கை. பார்த்தால் பல்லித் தோல் போர்த்திய மனிதன். நல்ல ஆய்வாளர்தான், கேள்வியும் நல்ல கேள்விதான். ஆனால் அறிவு எங்கே முளைத்தாலும் நம் சாயலில்தான் முளைக்கும் என்று நாம் எவ்வளவு சுலபமாக எடுத்துக்கொள்கிறோம் என்பதற்கு அந்த உருவத்தை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஓரறிவு, ஈரறிவு என்று ஏறி ஆறறிவில் வந்து முடிகிற வரிசையை நாம் சின்ன வயதிலேயே படித்துவிடுகிறோம். ஆறாவது படியில் இருப்பவர் இறங்கினால் ஐந்தாவது ஏறி வரும் என்று தோன்றுவது இயல்பு. பரிணாமத்தில் அப்படி ஒரு படிக்கட்டே இல்லை. கரப்பான்பூச்சி நம்மைப் பார்த்து ஏங்கிக்கொண்டு காத்திருக்கவில்லை. அது தன் வேலையில் நம்மை விடப் பழைய கை.

நாம் அடைத்துக்கொண்டிருக்கிறோம் என்றீர்கள். ஹோமோ சேப்பியன்ஸ், அதாவது நம் இனம், வந்து சுமார் 3 லட்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன. விலங்குகள் பூமியில் 50 கோடி ஆண்டுகளுக்கு மேலாக இருக்கின்றன. அந்தக் காலம் முழுக்க யார் தடுத்தார்கள்? உண்மையில் உபயோகமான ஓர் அமைப்பு என்றால் பரிணாமம் அதைத் திரும்பத் திரும்பக் கண்டுபிடிக்கும். சிறகடித்துப் பறப்பதைப் பூச்சிகள், டெரோசர்கள் (டைனோசர் காலத்துப் பறக்கும் ஊர்வன), பறவைகள், வௌவால்கள் என்று நான்கு கூட்டங்கள் தனித்தனியாகக் கண்டுபிடித்தன. கண் நாற்பது முறைக்கு மேல் தனித்தனியாகத் தோன்றியது என்பது ஒரு பிரபலமான கணக்கு. நம் மாதிரி அறிவு ஒரே ஒரு முறை. அதுவும் ஆப்பிரிக்காவில், ஒரே ஒரு குரங்குக் கிளையில். ஆஸ்திரேலியா பல கோடி ஆண்டுகள் தனித் தீவாகக் கிடந்தது. அங்கே கங்காரு வந்தது, கோலா வந்தது. மடகாஸ்கரில் குரங்குகளுக்குத் தூரத்து உறவான லெமூர்கள் கோடிக்கணக்கான ஆண்டுகளாகத் தனி ராஜ்ஜியம் நடத்துகின்றன. தென் அமெரிக்கக் குரங்குகளுக்கும் அதே போல நீண்ட அவகாசம். இயற்கை தானாகவே நடத்திப் பார்த்த பரிசோதனைகள் இவை. ஒன்றிலும் நம்மைப் போல யாரும் வரவில்லை.

ஏன் என்றால், மூளை மிகவும் செலவு பிடிக்கிற உறுப்பு. நம் உடம்பின் எடையில் அது 2 சதவீதம்தான். ஓய்வாக இருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியில் 20 சதவீதத்தை அதுவே தின்றுவிடுகிறது. போதாக்குறைக்குக் குழந்தை பல வருடங்கள் எதற்கும் உதவாமல் பெற்றவர்களைச் சார்ந்தே கிடக்க வேண்டும். இந்தச் செலவு முதல் நாளிலிருந்து உண்டு. வேளாண்மை, எழுத்து, மருத்துவம் மாதிரியான வரவு எல்லாம் பிற்பாடுதான். இயற்கைத் தேர்வுக்கு முன்யோசனை கிடையாது. கொஞ்சம் கூடுதல் மூளை இந்தத் தலைமுறையிலேயே, இன்றைய பசியிலேயே லாபம் தந்தாக வேண்டும். பெரும்பாலான விலங்குகளுக்கு அந்தச் சக்தியை ஓடுகிற காலிலோ, கூடுதலாக நாலு குட்டியிலோ போடுவது மேல்.

சரி, உங்கள் வேட்பாளர்களுக்கு வருகிறேன்.

சிம்பன்சி முன்னிலை வகிப்பது போலத் தோன்றும். கல்லால் கொட்டை உடைக்கும், குச்சியால் கறையான் பிடிக்கும், கூட்டணி அரசியலும் நடத்தும். மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டில் 'டாய்' என்ற காட்டில் தோண்டியபோது, சிம்பன்சிகள் கொட்டை உடைத்த கற்கள் 4,300 ஆண்டுப் பழமையோடு கிடைத்தன. 4,300 வருடங்களுக்கு முன் கல்லால் கொட்டை உடைத்தார்கள், இன்றைக்கும் கல்லால் கொட்டை உடைக்கிறார்கள். இதைச் சொன்னால் சிலர் சிரிப்பார்கள். சிரிப்பதற்கு முன், ஹோமோ எரெக்டஸ் என்ற ஆதி மனித இனத்தின் காலத்தில் தொடங்கிய கைக்கோடரி பத்து லட்சம் ஆண்டுகளுக்கு மேல் பெரிய மாற்றமில்லாமல் அப்படியே செய்யப்பட்டது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு நிமிர்ந்த நடை இருந்தது, நம்முடையது போன்ற கை இருந்தது, சிம்பன்சியை விட இரண்டு மடங்குக்கும் மேலான மூளை இருந்தது. நியாண்டர்தால்கள் என்ற இன்னொரு மனித இனத்தின் மூளை நம்முடைய அளவே. அவர்களும் சுமார் 40,000 ஆண்டுகளுக்கு முன் மறைந்தார்கள். ஏன், நாமே வந்த 3 லட்சம் ஆண்டுகளில் வேளாண்மையைத் தொட்டது கடைசி 12,000 ஆண்டுகளுக்குள்தான். புத்திசாலியாக இருப்பது வேறு; ஒருவர் கண்டுபிடித்ததை அடுத்தவர் வாங்கி, அதன் மேல் இன்னொன்றை ஏற்றி, தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துக்கொண்டே போவது வேறு. நீங்கள் 'ஊர் கட்டுவது' என்று கேட்டது இந்த இரண்டாவதைத்தான். முதலாவது விலங்குலகில் தாராளமாக இருக்கிறது. இரண்டாவதுதான் அரிது.

ஆக்டோபஸ் சொன்ன நண்பர் மேல் எனக்குத் தனிப் பிரியம். முதுகெலும்பில்லாத விலங்குக்கு சுமார் 50 கோடி நியூரான்கள் (நரம்பு செல்கள்) என்பது சாதாரணமில்லை. அதில் மூன்றில் இரண்டு பங்கு கைகளுக்குள்ளேயே இருக்கின்றன. ஒவ்வொரு கையும் பாதி சுயராஜ்யம். பிரச்சினை ஆயுள். பெரும்பாலான வகைகள் ஓரிரு வருடங்களில் முடிந்துபோகும். தாய் முட்டைகளைக் காத்துக்கொண்டு பட்டினி கிடந்து, குஞ்சு பொரியும் சமயத்தில் செத்துவிடுகிறது. அம்மாவுக்குத் தெரிந்த எதுவும் பிள்ளைக்குப் போவதில்லை. ஒவ்வொரு ஆக்டோபஸும் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1977-இல் ஜெரோம் வோடின்ஸ்கி என்ற ஆய்வாளர், முட்டையிட்ட பெண் ஆக்டோபஸ்களின் கண் அருகே இருக்கும் சுரப்பிகளை அகற்றிப் பார்த்தார். அவை முட்டைகளை விட்டுவிட்டு மறுபடி சாப்பிடத் தொடங்கின. கூடுதல் காலம் உயிரோடும் இருந்தன. அதாவது அந்தச் சாவு தேய்மானத்தால் வருவதல்ல, ஹார்மோன் போடும் உத்தரவு. உத்தரவு என்றால் கொள்கையளவில் மாறலாம். ஆனால் ஆயுள் நீண்டாலும் தண்ணீருக்குள் நெருப்பு எப்படி மூட்டுவது? நெருப்பில்லாமல் சமையல் இல்லை, சுட்ட மண் இல்லை, உலோகம் இல்லை. டால்பின்களுக்கும் இதே தடை. அவற்றுக்குக் கூடவே கையும் கிடையாது. நம் கிளையில் பெரிய மூளை வருவதற்கு வெகுகாலம் முன்பே அவற்றுக்குப் பெரிய மூளை வந்துவிட்டது. கடலில் சந்தோஷமாக இருக்கின்றன, அவ்வளவுதான்.

யானையைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் மூளையில் சுமார் 25,700 கோடி நியூரான்கள், நமக்கு 8,600 கோடிதான். ஆனால் யானையின் நியூரான்களில் 98 சதவீதம் சிறுமூளையில் இருக்கின்றன. யோசிப்பதற்கு முக்கியமான பெருமூளைப் புறணியில் அதற்கு 560 கோடி, நமக்கு 1,600 கோடி. மூளையின் எடையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

காகத்தை உங்கள் கூட்டத்தில் யாரும் சொல்லாதது எனக்கு ஆச்சரியம். 2002-இல் ஆக்ஸ்ஃபோர்டில் பெட்டி என்ற நியூ கலிடோனியக் காகம், நேரான கம்பியைக் கொக்கியாக வளைத்து, குழாய்க்குள் இருந்த சாப்பாட்டு வாளியைத் தூக்கி எடுத்தது. அதே வகைக் காகங்கள் காட்டிலும் குச்சிகளை வளைக்கும் என்று பின்னால் தெரியவந்தது, அதனால் பெட்டி ஒரு தனி மேதை இல்லை என்றாகிவிட்டது. என் கணக்கில் அது இன்னும் நல்ல செய்தி. காகங்கள், கிளிகளின் சின்ன மூளைக்குள் நியூரான்கள் அவ்வளவு நெருக்கமாக அடைந்திருக்கின்றன. தங்களை விடப் பெரிய மூளை கொண்ட சில குரங்குகளுக்கு இணையாக நிற்கும் அளவுக்கு. இவற்றுக்கு ஆயுளும் உண்டு, கூட்டமும் உண்டு, பிள்ளை வளர்ப்பும் உண்டு.

இதையெல்லாம் படித்துவிட்டு 'ஒருக்காலும் நடக்காது' நண்பர் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள வேண்டாம். அவருக்காக ஓர் ஆய்வகக் கதை. ரிச்சர்ட் லென்ஸ்கி என்ற உயிரியலாளர் 1988-இல் ஒரே மூலத்திலிருந்து ஈ.கோலை பாக்டீரியாவின் 12 கூட்டங்களைத் தனித்தனிக் குடுவைகளில் வளர்க்கத் தொடங்கினார். குடுவையில் சிட்ரேட் என்ற பொருளும் இருந்தது. ஆக்சிஜன் இருக்கும்போது ஈ.கோலையால் அதைச் சாப்பிட முடியாது. சுமார் 31,000 தலைமுறைகள் கழித்து ஒரே ஒரு கூட்டம் அதைச் சாப்பிடக் கற்றது. உறைய வைத்திருந்த பழைய தலைமுறைகளை எடுத்து மறுபடி ஓட்டிப் பார்த்தபோது, அந்தக் கூட்டத்தில் முன்பே தற்செயலாக நடந்திருந்த மாற்றங்கள்தான் வழி திறந்துவிட்டிருந்தன என்று தெரிந்தது. மற்ற கூட்டங்களுக்கும் சிட்ரேட் கண் முன்னால்தான் இருந்தது. தேவை இருந்தது, நேரமும் இருந்தது, முன்னேற்பாடு இல்லை. நம் விஷயத்திலும் மரத்தில் தொங்கப் பழகிய கை, நெருப்பு, பேச வாகான தொண்டை என்று எத்தனையோ சம்பந்தமில்லாத முன்னேற்பாடுகள் ஒரே கிளையில் வந்து சேர்ந்தன. மறுபடி சேராது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. காலமும் இருக்கிறது. சூரியன் மெல்லப் பிரகாசம் கூடிக் கடல்களை வற்றடிக்க இன்னும் ஏறக்குறைய 100 கோடி ஆண்டுகள் ஆகும். இதுவரை விலங்குகள் இருந்த காலத்தை விட அது அதிகம்.

நீங்கள் கேட்காத ஒன்று: அறிவு வந்தாலும் அவர்களால் தொழிற்சாலை வரை வர முடியுமா? மேலாகக் கிடந்த நிலக்கரியையும் தாதுக்களையும் நாம் பெரும்பாலும் எடுத்துத் தீர்த்துவிட்டோம். நிலக்கரி பல கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட காடுகளிலிருந்து வந்தது. அவர்களுக்கு நீராவி இயந்திரத்துக்கு வேறு வழி தேட வேண்டியிருக்கும். நம்மை விட அமைதியாக இருந்துவிட்டுப் போகலாம், அதிலொன்றும் குறையில்லை.

பந்தயம் என்றே வைத்துக்கொண்டால் என் பணத்தில் பெரும்பங்கு 'யாரும் வரமாட்டார்கள்' பக்கம். மிச்சச் சில்லறையைக் கிளிகள் மேல் கட்டுவேன். பெரிய விலங்குகள் இல்லாத ஒரு தீவு, பறப்பதைக் கைவிட்டு எடையைப் பற்றிக் கவலைப்படாத ஒரு கிளி, பொருளைத் தூக்கிப் பிடிக்க ஏற்கெனவே பழகிய கால், பல பத்தாண்டு ஆயுள். சிம்பன்சி நண்பர் கோபப்படுவார். ஆனால் மனித இனத்தையே துடைத்தெடுக்கிற எந்தப் பேரழிவும் உடம்பு பெரிய, குட்டி குறைவாகப் போடும் சிம்பன்சியை மட்டும் விட்டுவைக்கும் என்று அவர் ஏன் நம்புகிறார் என்று கேட்டுச் சொல்லுங்கள்.